காத்தாடியடியில் ஒரு ரஷ்ய ராஜ்யம்: ‘மெடீவல் 2 டோட்டல் வார்’ ஆடிப் பார்த்த கதை

2006-இல் வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இப்போது உட்கார்ந்து விமர்சனம் எழுதுவது, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அதன் அப்பன் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரிதான். தெரிந்தேதான் எழுதுகிறேன். என் லேப்டாப்பில் ஓடுவது அதுதான். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் பழசாக வாங்கினது, 4 ஜிபி ராம். “பேட்டரி மூணு மணி நேரம் நிக்கும் அண்ணாச்சி” என்று சொல்லிக் கொடுத்தார்கள். இருபது நிமிஷம் நிற்கிறது. புது விளையாட்டு எதையாவது போட்டால் உள்ளே இருக்கிற ஃபேன் ஜெனரேட்டர் கணக்காகச் சத்தம் போடும். ‘மெடீவல் 2 டோட்டல் வார்’ மட்டும் முனகாமல் ஓடுகிறது.

நான் பணகுடிக்குப் பக்கத்தில் ஒரு காத்தாடி சைட்டில், அதாவது காற்றாலையில், ஆபரேட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் மாதங்களில், அதாவது வைகாசிக் கடைசி தொட்டு புரட்டாசி வரை, எங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஐப்பசி பிறந்து மழை பக்கம் மாறியதும் இறக்கைகள் பாதி நேரம் சும்மா நிற்கும். ராத்திரி ஷிப்டில் மணிக்கொரு தடவை ரீடிங் எழுத வேண்டும், ஏதாவது மெஷின் எரர் காட்டினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் கிடக்கிற நேரம்தான் ஆட்டத்தில் நான் ஆளுகிற என் ரஷ்யா. வரைபடத்தில் ஆட்டம் டர்ன் டர்னாக, எனக்கு ஒரு முறை எதிரிக்கு ஒரு முறை என்று, போவதால் எந்த இடத்திலும் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடலாம். எதிரி காத்திருப்பான். எங்கள் மேனேஜர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இதில் இரண்டு அடுக்கு. மேலே ஒரு பெரிய வரைபடம். ஐரோப்பா முழுக்க, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா. ஊர் பிடிப்பது, வரி போடுவது, கட்டடம் எழுப்புவது, பெண் கொடுத்துச் சம்பந்தம் பேசுவது எல்லாம் அங்கே. இரண்டு படைகள் முட்டினால் கீழே தரைக்கு இறங்கி, நூற்றுக்கணக்கில் நிற்கும் சிப்பாய்களை அணி அணியாக நீங்களே நடத்தலாம். 1080-இல் ஆரம்பித்து 1530-இல் முடியும். டர்னுக்கு இரண்டு வருஷம், மொத்தம் 225 டர்ன்.

ரஷ்யாவை எடுத்தவுடன் தர மாட்டார்கள். முதலில் இங்கிலாந்து, பிரான்ஸ், புனித ரோமப் பேரரசு, ஸ்பெயின், வெனிஸ் இந்த ஐந்துதான் திறந்திருக்கும். மற்ற நாடுகள் வேண்டுமானால் அவற்றைத் தோற்கடிக்க வேண்டும், அல்லது ஒரு முழு ஆட்டத்தை ஜெயித்துக் காட்ட வேண்டும். நான் நியாயஸ்தன் மாதிரி மூன்று மாதம் இங்கிலாந்தை வைத்து ஆடி ஜெயித்துத் திறந்தேன். பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கிற அக்கா மகன் பொங்கலுக்கு வந்தவன், ஆட்டத்தின் ஃபோல்டருக்குள் போய் ‘டெஸ்க்ரிப் ஸ்ட்ராட்’ என்று ஆரம்பிக்கிற ஒரு டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து, பூட்டிய பட்டியலில் இருந்த ரஷ்யாவின் பெயரை வெட்டி மேலே திறந்த பட்டியலில் ஒட்டிக் காட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “மாமா, இதுக்குப் போயா மூணு மாசம் ஆடினீங்க?” என்று கேட்டான். அக்கா மகன் என்பதால் விட்டுவிட்டேன்.

சரி, ரஷ்யாவுக்கு வருவோம். கையில் ஒரே ஓர் ஊர்: நோவ்கொரோத். சுற்றிலும் யாருக்கும் சொந்தமில்லாத ஊர்கள், ‘கலகக்காரர்கள்’ கையில். ஸ்மோலென்ஸ்க், மாஸ்கோ, ரியாசான், ஹெல்சிங்கி, கீவ். எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்று கிடக்கும். வரலாறு கொஞ்சம் படித்தவனுக்கு இங்கேதான் முதல் கல் பல்லில் கடிபடும். 1080-இல் ரஷ்ய இளவரசர்களுக்கெல்லாம் மூத்தவர் உட்கார்ந்திருந்தது கீவில். நோவ்கொரோத் வடக்கே இருந்த பெரிய வியாபார ஊர். மாஸ்கோவோ, நாளாகமங்களில் முதன்முதலாகப் பெயர் வருவதே 1147-இல்தான். இந்த ஆட்டம் என்ன செய்திருக்கிறது என்றால், மதுரையைக் கொள்ளைக்காரன் கையில் கொடுத்துவிட்டு, பாண்டியனைக் கொற்கையில் உட்கார வைத்து, ‘போய்ப் பிடித்துக்கொள்’ என்கிறது.

அந்த நோவ்கொரோதையாவது ஒழுங்காகக் காட்டியிருக்கலாம். 1136-இல் தங்கள் இளவரசனையே ஊரைவிட்டு விரட்டிய ஊர் அது. மணி அடித்தால் ஊர்க்கூட்டம் கூடும். பிடிக்காத இளவரசனுக்கு வழி காட்டிவிடுவார்கள். 1478-இல் மாஸ்கோக்காரர் மூன்றாம் இவான் அந்த ஊரை அடக்கியபோது முதல் வேலையாக அந்த மணியைக் கழற்றி மாஸ்கோவுக்கு எடுத்துப் போனார். ஆட்டத்தில் நோவ்கொரோதில் ராஜா இருக்கிறார், மணி இல்லை. ஊருக்குள் இறங்கிப் பார்த்தாலும் போலந்து ஊர் மாதிரி, ஹங்கேரி ஊர் மாதிரி, மரச்சுவரும் ஓட்டுக்கூரையும்தான்.

நமக்கு ஓலை மாதிரி அவர்களுக்கு பிர்ச் மரப்பட்டை. கூரான எழுத்தாணியால் பட்டையில் கீறி எழுதிய கடிதங்கள் நோவ்கொரோதின் ஈர மண்ணுக்குள் அழுகாமல் கிடந்து, 1951-இல் முதலாவது கிடைத்தது. இதுவரை ஆயிரத்துக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கடன் பாக்கி, சாமான் கணக்கு, வீட்டுச் சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஒன்ஃபிம் என்ற பையன் அதில் அகரவரிசை எழுதிப் பழகியிருக்கிறான். பாடம் சலித்துப் போய், குதிரைமேல் இருக்கும் ஒரு வீரன் கீழே கிடக்கிறவனை ஈட்டியால் குத்துகிற மாதிரி வரைந்து, பக்கத்தில் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறான். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்திய அந்தப் பொடியன் ஆட விரும்பியது இதே ஆட்டத்தைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். ரஷ்யாவின் முதல் எதிரி மங்கோலியன் இல்லை, தூரம். நோவ்கொரோதில் ஒரு படையைக் கிளப்பினால் கீவ் போய்ச் சேருவதற்குள் எனக்கு இரண்டு ரீடிங் எழுதி முடிந்துவிடும். எங்கள் சைட்டில் ஒரு செக்யூரிட்டி அண்ணாச்சி இருக்கிறார். திசையன்விளைப் பக்கம், சின்ன வயதில் பனையேறியவர். நாற்காலியை என் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். என்ன ஆட்டம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டார்:

“ஏ தம்பி, அந்தக் குதிரக்காரன் இன்னுமா போய்ச் சேரல?”

“இல்ல அண்ணாச்சி. இன்னும் ரெண்டு வருசம் ஆவும்.”

“இங்கேருந்து திருச்செந்தூருக்கு நடந்தாக்கூட ரெண்டு நாள்ல சேந்துருவமேய்யா. இவன் என்னத்துக்கு ரெண்டு வருசம் நடக்கான்?”

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது உண்மையான குறை. டர்னுக்கு இரண்டு வருஷம் என்று காலண்டர் ஓடுகிறது, ஆனால் படை நடப்பது ஒரு பருவத்துக்கு உண்டான தூரம்தான். இன்னொரு கூத்தும் உண்டு. மனிதர்களுக்கு வயசு டர்னுக்கு ஆறு மாதம்தான் ஏறும். என் முதல் ராஜா 1080-இல் நடுவயதுக்காரர். 1160 தாண்டியும் அவர்தான் சிம்மாசனத்தில். பேரன் எடுக்க வேண்டிய வயதில் மகன் இன்னும் பட்டத்துக்குக் காத்திருந்தான்.

இரண்டாவது எதிரி வெறும் கஜானா. ஒவ்வொரு சிப்பாய்க் கூட்டத்துக்கும் டர்ன்தோறும் சம்பளம் போகும். மேற்கே வெனிஸ்காரனுக்குக் கடலும் துறைமுகமும் கப்பல் வியாபாரமும் இருக்கிறது. நமக்கு இருப்பது மரம், மென்மயிர்த் தோல், அப்புறம் பனி. வியாபாரியை அனுப்பித் தோல் கிடைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் டர்னுக்குச் சில்லறைதான் வரும். முதல் தடவை நான் ஆவேசமாக ஐந்து ஊரை வரிசையாகப் பிடித்தேன். ஆறாவது ஊருக்குப் போகும் வழியில் கணக்கு கடனில் இறங்கிவிட்டது. கடனில் இறங்கினால் ஒரு ஆளைச் சேர்க்க முடியாது, ஒரு கல் எடுத்து வைக்க முடியாது. படை நடுக்காட்டில் நிற்கிறது, கஜானாவில் சிவப்பு எண். பெரியவர்கள் சொல்கிற ‘விரலுக்குத் தக்க வீக்கம்’ என்பதை எனக்கு ஒரு ராத்திரி முழுக்க இந்த ஆட்டம் சொல்லிக் கொடுத்தது.

ஆகவே ரஷ்யாவை எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் முப்பது டர்ன் சண்டைக்கு இல்லை. ஊர்களைக் கோட்டையாகவும் வைக்கலாம், நகரமாகவும் மாற்றலாம். கோட்டை நல்ல சிப்பாய் தரும், நகரம் காசு தரும். ரஷ்யாவில் ஆசைப்பட்டுக் கோட்டையாக வைத்துக்கொண்டே போனால் செத்தோம். நாலு ஊருக்கு ஒரு கோட்டை போதும். பாக்கி எல்லாம் நகரமாக்கி, முதலில் ரோடு, அடுத்து விவசாயம், அடுத்து சந்தை. ஊர்க்காவல் படையில் குறிப்பிட்ட எண்ணிக்கையை நகரத்துக்குள் நிறுத்தினால் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, அதை விடாதீர்கள். இன்னொன்று, ஆளுநரை ஊரில் சும்மா உட்கார வைத்தால் குடிக்கப் பழகுவான். நிஜமாகவே. அவனுடைய குணங்களின் பட்டியலில் அது வந்து ஏறும், வரி வசூல் குறையும். என் மூன்றாவது இளவரசன் ஸ்மோலென்ஸ்கில் இருபது டர்ன் இருந்து முழுக் குடிகாரனாகி, அவனைப் போருக்கு அனுப்பினால் சிப்பாய்கள் பின்னால் நிற்கத் தயங்கும் அளவுக்கு வந்துவிட்டான். இந்த விஷயத்தில் ஆட்டம் செய்திருக்கிற வேலை அருமை. ஒவ்வொரு தளபதியும் ஒரு ஆளாகவே ஆகிவிடுகிறான்.

ரஷ்யாவுக்கென்று இருக்கிற ஒரு நிம்மதி: போப் இல்லை. கத்தோலிக்க நாட்டை எடுத்தால் ரோமிலிருந்து ‘அவனோடு சண்டையை நிறுத்து, இங்கே கோயில் கட்டு’ என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கும். நாம் ஆர்த்தடாக்ஸ். யாரும் கேட்க மாட்டார்கள்.

படை விஷயத்தில், காலாட்படை ஆரம்பத்தில் பரிதாபம். ஈட்டிக்காரர்கள் பாதிப் பேர் சண்டைக்கு வந்த விவசாயி மாதிரியே இருப்பார்கள். கோடரி வைத்த மரவெட்டிகள் பரவாயில்லை, ஆனால் அம்பு விழுந்தால் உதிர்ந்துவிடுவார்கள். குதிரைதான் பலம். ‘பாயார் பிள்ளைகள்’ என்று ஒரு குதிரைக் கூட்டம், கையில் எறியீட்டி. பாயார் என்றால் ரஷ்யப் பிரபு. இவர்களை முன்னால் ஓட்டி மோத விடுவது பாவம். பக்கவாட்டில் போய் எறிந்துவிட்டு விலகி, மறுபடி வந்து எறிய வேண்டும். திருஜினா என்கிற கனத்த குதிரைப்படை இடிப்பதற்கு. பிற்காலத்தில் வரும் த்வோர் குதிரைப்படைக்கு கவசமும் உண்டு, வில்லும் உண்டு. அது கைக்கு வரும்வரை தாக்குப்பிடிப்பதுதான் முழு ஆட்டமும்.

மங்கோலியர் வருவதற்கு முன் கிழக்கு எல்லையில் நான் ஒரு வேலை செய்தேன். தளபதியை நடத்தி, சில்லறை கொடுத்து, வரிசையாகக் காவல் கோபுரம் கட்டினேன். ரியாசானுக்குத் தெற்கே ஒன்று, ஆற்று வளைவில் ஒன்று, புல்வெளி ஓரத்தில் ஒன்று. கட்டி முடித்து வரைபடத்தைத் தூக்கிப் பார்த்தால், பரந்த வெட்டவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒல்லியாக நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். லெவிஞ்சிபுரம் போகிற வரிசையில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அண்ணாச்சிதான் சொன்னார், “அங்கயும் காத்தாடி வச்சிட்டீரோ?” என்று.

வந்தார்கள். 1220-ஐ ஒட்டி. முதல் ஆட்டத்தில் தெற்கே திரும்பி பாக்தாத் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த இடமே எனக்குத் தெரியாது. இரண்டாவது ஆட்டத்தில் நேராக என்னிடம் வந்தார்கள். மூன்று படை, ஒவ்வொன்றிலும் இருபது இருபது கூட்டம், முக்கால்வாசி வில் ஏந்திய குதிரை. சொந்த ஊர் என்று எதுவும் இல்லாமல் படை மட்டுமாக வருகிறவர்களை எதைப் பிடித்து மிரட்டுவது?

எனக்குப் பன்னிரண்டு கூட்டம்தான் பக்கத்தில் இருந்தது. தளபதிகூட இல்லை, ஒரு சாதாரணப் படைத்தலைவன். கொண்டுபோய் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். பாலத்தின் வாயைச் சுற்றி அரைவட்டமாக நாலு ஈட்டிக் கூட்டம், பின்னால் வில், ஓரத்தில் மரவெட்டிகள், தூரத்தில் மரங்களுக்குள் பாயார் பிள்ளைகள். பார்க்க அழகாக இருந்தது. சண்டை தொடங்கியதும் மங்கோலியர் பாலத்துக்கு வரவே இல்லை. அந்தக் கரையில் நின்றுகொண்டு அம்பு விட்டார்கள். என் ஈட்டிக்காரர்கள் நின்ற இடத்திலேயே ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். எண்பது, அறுபத்தைந்து, நாற்பத்தெட்டு என்று எண் குறைந்தது. கொடி வெள்ளையாக மின்னத் தொடங்கியது, அதாவது இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓடப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து மூன்றாம் நம்பர் மெஷின் எரர் காட்டியது. ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் போய் ரீசெட் பண்ணித் திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது: ஏன் கரையிலேயே நிற்க வேண்டும்?

வந்து எல்லாரையும் அம்பு எட்டாத தூரத்துக்குப் பின்னால் இழுத்தேன். அம்பு எட்டுகிற தூரத்தில் என் ஆள் யாரும் இல்லை என்றதும் அவர்களுக்கு வேறு வழி இல்லை, வந்தாக வேண்டும். பாலத்தில் நாலைந்து குதிரைதான் பக்கம் பக்கமாக வர முடியும். பாதிப் படை இந்தக் கரைக்கு வந்து விரிவதற்குள் ஈட்டிகளை முன்னால் விட்டேன். நெரிசலில் குதிரைக்கு ஓட இடமில்லை. ஓட முடியாத வில்லாளி வெறும் ஆள்தான். பாயார் பிள்ளைகள் மரத்துக்குள்ளிருந்து வெளியே வந்து பக்கவாட்டில் எறிந்தார்கள். மரவெட்டிகளின் கோடரிக்கு அன்றைக்குத்தான் வேலை. அவர்கள் தளபதி பாலத்தின் மேலேயே விழுந்ததும் பின்னால் வந்த கூட்டம் முழுக்கத் திரும்பி ஓடியது.

முடிந்ததும் ஒரு ஓலை வந்தது. படையை நடத்திய அந்தச் சாதாரணத் தலைவனை ராஜ குடும்பத்தில் சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. பேர் வாசிலி. எடுத்துக்கொண்டேன். ஸ்மோலென்ஸ்க் குடிகாரனைவிட இவன் ஆயிரம் மடங்கு தேவலை. பிடிபட்ட மங்கோலியருக்கு மீட்புப் பணம் கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். மறுத்தால் கைதிகள் சாக வேண்டியதுதான், அதுதான் ஆட்டத்தின் விதி. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கை நின்றது.

இப்போது என் பெரிய குறையைச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் மங்கோலியரோடு சண்டை போடலாம், செத்துப்போகலாம். கப்பம் கட்டிப் பிழைக்க முடியாது. தூதனை அனுப்பினால் கப்பம் என்று ஒரு வழி இருக்கிறது; இத்தனை காசு, இத்தனை டர்ன் என்று எழுதலாம். நானும் எழுதினேன். வாங்கிக்கொண்டார்கள். இரண்டு டர்ன் கழித்து ரியாசானை முற்றுகையிட்டார்கள். காசு அவர்களுக்கு இனித்த மாதிரியே தெரியவில்லை.

ஆனால் நிஜமான ரஷ்யக் கதையே கப்பத்தின் கதைதான். 1238-இல் மங்கோலியர் மாஸ்கோவை எரித்தார்கள். நோவ்கொரோதை நெருங்கி வந்து திரும்பிப் போனார்கள். அதற்கப்புறம் இருநூறு வருஷத்துக்கு மேல் இளவரசர்கள் கப்பம் கட்டினார்கள். 1327-இல் த்வேர் ஊர்க்காரர்கள் பொறுக்க முடியாமல் எழும்பியபோது, அவர்களை அடக்க மங்கோலியப் படையோடு சேர்ந்து போனவர் மாஸ்கோவின் முதலாம் இவான். அடுத்த வருஷமே அவருக்குப் பெரிய இளவரசர் பட்டம் கிடைத்தது. மற்ற இளவரசர்களிடம் கப்பத்தை வசூலித்துக் கொடுக்கிற வேலையும் அவர் கைக்கு வந்தது. அவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் கலிதா. கலிதா என்றால் சுருக்குப்பை. நம் ஆச்சிமார் இடுப்பில் செருகி வைத்திருப்பார்களே, அதே சுருக்குப்பை. அந்தப் பையிலிருந்துதான் மாஸ்கோ வளர்ந்தது. அவருடைய பேரன் திமித்ரி 1380-இல் குலிகோவோ வயலில் மங்கோலியப் படையை ஜெயித்தார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை, 1382-இல் மங்கோலியக் கான் தொக்தாமிஷ் வந்து மாஸ்கோவை மறுபடி எரித்தார், கப்பமும் மறுபடி தொடங்கியது. 1480-இல் உக்ரா ஆற்றின் இரு கரையிலும் இரண்டு படைகள் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்று, பெரிய சண்டை இல்லாமலே இரண்டும் திரும்பிப் போனதும்தான் அந்தக் கணக்கு முடிந்தது.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவனுக்கு இது இல்லாமல் ஆட்டம் உப்பில்லாத மாதிரி இருக்கிறது. நாங்கள் கதை கேட்டதே கிஸ்தி கட்டினவன், கட்டாதவன் என்று ஆள் பிரித்துத்தான். நெற்கட்டும்செவல், பாஞ்சாலங்குறிச்சி என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே அந்தக் கணக்கு கூடவே வரும். 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். கட்டினவர்கள் பாளையத்தோடு பிழைத்தார்கள். அவர்களைச் சின்ன வயதில் எத்தனை தடவை திட்டியிருக்கிறோம். மாஸ்கோவின் கதையைப் படித்தால் திட்டுகிற வாய் கொஞ்சம் தடுமாறுகிறது. பக்கத்து ஊரைக் காட்டிக் கொடுத்தவனின் பேரன்தான் குலிகோவோ வீரன். இந்தக் குழப்பத்தை ஒரு வியூக ஆட்டம் ஆடுகிறவன் கையில் கொடுத்திருக்க வேண்டாமா? யாரிடம் வசூலிப்பது, எவ்வளவை மறைத்து வைத்துக்கொள்வது, எந்த வருஷம் ‘இனி தர மாட்டேன்’ என்பது. வில்லும் ஈட்டியும் செய்தவர்கள் சுருக்குப்பையை விட்டுவிட்டார்கள்.

கடற்போர் பற்றி எழுத ஒன்றுமில்லை, கணக்குப் போட்டு முடிவைச் சொல்லிவிடும். சிப்பாய்கள் ஆங்கிலத்தையே ரஷ்ய வாடையில் பேசுவார்கள். முதல் நாள் சிரிப்பு வரும், அப்புறம் பழகிவிடும். குளிர்கால டர்னில் வரைபடத்தில் என் ரஷ்யா வெள்ளையாகிப் போவது மட்டும் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. பனியை நேரில் பார்த்தவன் இல்லை நான்.

2007-இல் ‘கிங்டம்ஸ்’ என்று ஒரு கூடுதல் பாகம் வந்தது. அதில் ட்யூட்டானிக் என்கிற ஆட்டத்தில் நோவ்கொரோத் தனி நாடாகவே வரும். வரைபடம் பால்டிக் கடலைச் சுற்றி மட்டும், அதனால் தூரத் தொல்லை குறைவு. ட்யூட்டானிக் வீரர்களும் (ஜெர்மானியச் சிலுவைப்போர் வீரர்கள்) லிதுவேனியர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள், முதல் பத்து டர்னுக்குள் சண்டை வந்துவிடும். 1242-இல் நோவ்கொரோத் இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி உறைந்த பெய்ப்பஸ் ஏரியில் அந்தச் சிலுவை வீரர்களை ஜெயித்த கதை பிடித்தவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். பொறுமை இல்லாதவர்களுக்கும் அதுதான் சரி.

போனிலும் 2022-இல் வந்துவிட்டது. அக்கா மகன் போனில் ஆடிப் பார்த்தேன். ஆட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் என் விரலுக்கு ஒரு ஈட்டிக் கூட்டத்தைத் தொட்டால் மூன்று கூட்டம் மாட்டுகிறது, எழுத்தோ மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போது வரைபடத்து வேலையை மட்டும் பார்க்கலாம். பாலச் சண்டையை அதில் ஆட மாட்டேன்.

வாங்குகிறவர்கள் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள், வருஷத்துக்குச் சில தடவை வரும். மவுஸ் கட்டாயம். கரண்டு நிலையில்லாத ஊரில் ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் சேவ் பண்ணுங்கள். ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புகிற சைட்டில் உட்கார்ந்துகொண்டே கரண்டு போய், இருபது நிமிஷ பேட்டரியும் தீர்ந்து, ஒரு முழு முற்றுகையை நான் இழந்திருக்கிறேன்.

இப்போது என் ஆட்டம் 1374-இல் நிற்கிறது. கீவ், மாஸ்கோ, ஸ்மோலென்ஸ்க் எல்லாம் என் கையில். வாசிலி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் பேரன்தான் கிழக்கைப் பார்க்கிறான். அடுத்து தைமூர் வருவார், யானை மேல் பீரங்கி ஏற்றிக்கொண்டு. பாலம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். யானை பாலத்தில் எத்தனை பக்கம் பக்கமாக வரும் என்று அண்ணாச்சி கேட்கிறார்.